அடுத்த மருந்துக்கும் பாறுகள் செத்துக் காட்ட வேண்டுமா?

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பாறுக் கழுகுப் பாதுகாப்புச் செயல்திட்டத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரின் பொறுப்பாக ஒரு பணி குறிக்கப்பட்டிருக்கிறது. இறந்த விலங்குகளை உண்டு வாழும் பாறுகளுக்கு நஞ்சு என்று ஆய்வில் நிறுவப்படும் எந்த மருந்தும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே விலக்கப்படுவதற்கு ஓர் ஏற்பாட்டை அவர் செய்ய வேண்டும் என்பதே அது. அந்தத் திட்டத்துக்கு 2020 முதல் 2025 வரை என்று காலம் குறித்திருந்தார்கள். காலம் முடிந்துவிட்டது. ஏற்பாடு வரவில்லை. அதைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சிற்றூர்களில் தனியாகக் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, பாறுகளைக் கொல்வதால் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட பிறகு படிப்பை முடித்து வந்த தலைமுறையைச் சேர்ந்தவன். அந்த மருந்தைப் பற்றி வகுப்பறையிலேயே எச்சரிக்கையோடு கற்றவன். மசினகுடி, வாழைத்தோட்டம், ஆனைகட்டி, சிறியூர், தெங்குமரஹாடா என்று நான் போய்வரும் ஊர்களின் வானத்தில்தான், தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறுகளில் பெரும்பகுதி பறக்கிறது. ஓடைக்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறுகள். செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் அரிதாகக் கண்ணில் படுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகளும், அதே ஆண்டின் இறுதியில் எடுத்த கணக்கில் 320 பாறுகளும் பதிவாயின. இந்த ஏற்றத்தைக் காட்டி நிம்மதி கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதங்களில் இவ்வளவு பெருகிவிடாது. பார்த்த இடங்களும் பார்த்த கண்களும் கூடியதற்கு அதில் பங்கு உண்டு. மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து நம் கையில் இருப்பது சில நூறு பறவைகள் மட்டுமே.

இந்தச் சில நூறு பறவைகளின் உயிர் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை நான் பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன்.

கடந்த கோடையில் ஒரு பட்டிக்காரர் என்னை அழைத்தார். கன்று ஈன்று சில நாட்களே ஆன பசு, மடி வீங்கி, எழ முடியாமல் கிடந்தது. எனக்கு முன்பே யாரோ ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் மருத்துவர் இல்லை. ஊர் ஊராகப் போய் ஊசி போடுபவர். என்ன மருந்து என்று கேட்டேன். வீட்டம்மா உள்ளே போய் ஒரு பாலித்தீன் பையை எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்தார். கழுத்து ஒடித்த கண்ணாடிக் குப்பிகள் ஐந்து. ஒவ்வொன்றும் 3 மில்லி கொள்வது. ஐந்திலும் டைக்ளோஃபினாக், மனிதருக்கு மட்டும் என்ற வாசகம் குப்பியைச் சுற்றிய தாளில் தெளிவாகவே இருந்தது. அருகிலிருந்த ஊரின் மருந்துக் கடையில், மருத்துவர் சீட்டு இல்லாமல், பில்லும் இல்லாமல், மாட்டுக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியே வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் பசு இறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இறந்த மாட்டை ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் போட்டுவிடுவதுதான் வழக்கம். அது தவறான வழக்கமும் இல்லை. பாறுகள் பிழைத்திருப்பதே அதனால்தான். ஆனால் மருந்து ஏறி இரண்டு மூன்று நாட்களுக்குள் இறந்த மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் பாறுகளைக் கொல்லும் அளவுக்கு டைக்ளோஃபினாக் தங்கியிருக்கும். எனவே பட்டிக்காரரிடம் விவரத்தைச் சொல்லி, அவர் மகனும் நானும் பக்கத்து வீட்டார் இருவருமாக ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். கரட்டு நிலம், குழி வெட்டி முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. நான் அன்று அங்கே இருந்ததால் அந்த மாடு மண்ணுக்குள் போயிற்று. நான் இல்லாத ஊர்களில், நான் இல்லாத நாட்களில் இறக்கும் மாடுகள் எங்கே போகின்றன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். குப்பிகளின் படத்தையும் தொகுதி எண்ணையும் இணைத்து உரிய அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

ஒரு மாடுதானே என்று யாரேனும் சொல்லக்கூடும். கணக்கு அப்படி ஓடுவதில்லை. ஓர் இறந்த மாட்டின் மீது பல பத்துப் பறவைகள் ஒன்றாக இறங்கும். ஒரு மாட்டுக்குப் போட்ட மருந்து ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். பாறுகளுக்குக் கிடைக்கும் மாட்டுச் சடலங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் டைக்ளோஃபினாக் இருந்தாலே, இந்தியத் துணைக்கண்டத்தில் நேர்ந்த பேரழிவை விளைவிக்க அது போதும் என்று 2004-இல் வெளியான கணக்கீடு காட்டியது. இந்தச் சிறு விகிதத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் சட்ட அமலாக்கம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது புரியும். வேறு மருந்துத் தடைகளில் பத்துக்கு ஒன்பது கடைகள் ஒழுங்காக நடந்தால் நல்ல அமலாக்கம் என்று சொல்லிவிடலாம். இங்கே மிஞ்சுகிற அந்த ஒரு கடையே அழிவுக்குப் போதும்.

அழிவின் அளவை உங்கள் துறைகள் அறிந்திருக்கும். ஆயினும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். 1980-களில் இந்நாட்டில் பல பத்து இலட்சங்களாக இருந்த வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்தது. இராஜஸ்தானின் பரத்பூரில் கூடுகள் வெறுமையாவதை முதலில் கவனித்துச் சொன்ன பறவையியலாளர் விபு பிரகாஷ் போன்றவர்களுக்கே காரணம் சில ஆண்டுகள் பிடிபடவில்லை. தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் டைக்ளோஃபினாக்கை அடையாளம் காட்டினார்கள். நம் பகுதியில் திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிவேளையில் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து பொங்கல் உண்டுபோன மஞ்சள்முகப் பாறுகள் 1990-களில் வராமலே போயின. அங்கே கழுகு பார்த்து வந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அந்த மருந்து பறவைக்குள் என்ன செய்கிறது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். இறந்துகிடந்த வெண்முதுகுப் பாறு ஒன்றின் உடற்கூறாய்வில் உதவிக்கு நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெளிக்காயம் எதுவும் இல்லை. தசை நன்றாகவே இருந்தது. பட்டினி கிடந்த பறவையில்லை. வயிற்றைத் திறந்ததும் ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றிய சவ்விலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம். பறவையின் உடல் தன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றும். சிறுநீரகம் செயலிழந்தால் அந்த அமிலம் குருதியில் ஏறி, உறுப்புகளின் மீது படிகமாக உறைந்துவிடும். இப்படிப் பாதிக்கப்பட்ட பறவை கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்து, இரண்டொரு நாளில் கீழே விழும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் எடுத்த மாதிரிகள் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. எந்த மருந்து என்ற முடிவு, அந்தப் பகுதியில் நாள்தோறும் மாடுகளுக்கு ஊசி போடும் எனக்கோ என்னைப் போன்ற வேறு மருத்துவருக்கோ இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை. எந்த மருந்தால் பறவை செத்தது என்று தெரியாமல் எந்தக் கடையைச் சோதிப்பது?

இனி நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன்.

டைக்ளோஃபினாக்கைப் பொறுத்தவரை அரசு விரைந்து செயல்பட்டது. அதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2004-இல் ஆய்வு வந்தது; 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கான உற்பத்தியை நிறுத்த ஆணை பிறந்தது; 2008-இல் அது அரசிதழ் அறிவிப்பானது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வந்த வலிநிவாரணிகள் பலவற்றை, சந்தைக்கு வருமுன் யாரும் பாறுகளின் மீதான விளைவுக்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது என்பது 2016-இல் வெளியானது. அதாவது தடை செய்த மருந்தே வேறு பெயரில் விற்கப்பட்டது. இவ்விரண்டும் தடை செய்யப்பட்டது 2023 ஜூலையில். நிமுசுலைடு அதற்கும் பின்னால், 2024 டிசம்பரில். ஆய்வு முடிவுக்கும் தடைக்கும் இடையே ஒரு மருந்துக்கு ஏழாண்டு, இன்னொன்றுக்குப் பதின்மூன்று ஆண்டு. ஏறத்தாழ ஐந்து வயதில்தான் இணை சேரத் தொடங்கி, அதன் பிறகும் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குஞ்சுக்கு மேல் வளர்க்காத பறவைக்கு இந்தத் தாமதம் என்ன விலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஃப்ளூனிக்சின் என்ற இன்னொரு வலிநிவாரணியின் முறை. ஐரோப்பாவில் இறந்த பாறுகளின் உடலில் அந்த மருந்தும், மேலே நான் சொன்ன அதே வெள்ளைப் படிவமும் சேர்ந்து கண்டறியப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் பகுதிக் கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கும் பத்தாண்டு காத்திருந்து, அதன் பிறகு வரும் இன்னொரு மருந்துக்கும் பத்தாண்டு காத்திருப்பதுதான் நம் வழிமுறையா? ஒவ்வொரு மருந்தும் நஞ்சு என்று மெய்ப்பிக்கும் சுமையைச் சாகும் பறவைகளின் மீதும், அவற்றின் பின்னால் அலையும் ஒரு சில ஆய்வாளர்களின் மீதும் ஏற்றியிருக்கிறோம். மருந்தைச் செய்து விற்பவர் அது பாறுகளுக்குத் தீங்கற்றது என்று காட்டிய பிறகே கால்நடைச் சந்தைக்கு வர வேண்டும் என்று சுமையை மாற்றிவைக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவைக் கொண்டுதான் இதுவரை தடைகள் வந்தன. விற்பனைக்கு வந்த பிறகு தடுப்பதற்கு இருக்கும் முனைப்பு, வருவதற்கு முன் சோதிப்பதற்கும் இருக்கட்டும்.

மாட்டுக்கு வலி தீர்க்க வேறு வழி இல்லாத நிலையும் இன்று கிடையாது. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. டோல்ஃபெனாமிக் அமிலமும் தீங்கற்றது என்பதை இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. என் கைப்பையில் இவை இரண்டையும்தான் வைத்திருக்கிறேன். உழவர்களின் தரப்பையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் கேட்கிற ஊசியாப் போடுங்க டாக்டர் என்று அவர்கள் கேட்பதில் குற்றமில்லை. கறவை மாடு இரண்டு நாள் படுத்துக்கொண்டால் அந்த வீட்டின் வரவே நின்றுபோகிறது. பெரிய மாட்டுக்கு மெலாக்சிகாம் கூடுதல் அளவில் தேவைப்படுகிறது. செலவும் கொஞ்சம் ஏறுகிறது. அரசுக் கால்நடை மருந்தகம் பல ஊர்களுக்கு வெகு தொலைவு. யானை நடமாட்டமுள்ள பாதையில் இருட்டிய பிறகு மாட்டைப் பார்க்க யாரும் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஊசி போடுபவர் வருகிறார், மனித மருந்தும் வருகிறது. பட்டிக்காரரைத் தண்டித்து இதைத் தீர்க்க முடியாது. கடைக்காரரையும், அவருக்கு வரம்பு மீறி வழங்கும் மொத்த விற்பனையாளரையும், அதற்கு மேலே உற்பத்தியாளரையும்தான் சட்டம் தொட வேண்டும்.

சட்டம் எழுத்தில் இருப்பதற்கும் கடையில் நடப்பதற்கும் உள்ள தொலைவு புதிய செய்தி இல்லை. கால்நடைத் தடை நடைமுறைக்கு வந்த பிறகு, 2007-க்கும் 2010-க்கும் இடையில் 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளில் வாடிக்கையாளர்போல் போய்க் கேட்டதில், 36 விழுக்காட்டுக் கடைகளில் மாட்டுக்கென்று டைக்ளோஃபினாக்கை எடுத்துக் கொடுத்தார்கள். இதைத் தடுக்கவே 2015-இல் மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேற்படாத ஒற்றை அளவுக் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று அறிவிக்கை வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்த அறிவிக்கையை உறுதி செய்தது. பெரிய குப்பி போனதால் பயன்பாடு குறைந்தது என்பதை நானும் களத்தில் காண்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் நான் பார்த்த ஐந்து குப்பிகளும், சட்டம் அனுமதித்த 3 மில்லிக் குப்பிகளே. அளவுக் கட்டுப்பாட்டை ஊசி போடுபவர்கள் கற்றுக்கொண்டு கடந்துவிட்டார்கள். விற்பனையைக் கண்காணிக்காமல் குப்பியின் அளவை மட்டும் நம்பி இனி இருக்க முடியாது.

புலிக்கும் சிறுத்தைக்கும் சடலத்தில் நஞ்சு வைப்பது, கூடு கட்டும் மரங்கள் சாய்வது என்று பாறுகளுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. அவை வனத் துறையின் பொறுப்பு. அவற்றுக்காக வேறு ஒரு மடல் எழுத வேண்டும். மருந்து உங்கள் பொறுப்பு.

இது பறவைகளோடு முடிகிற செய்தியும் இல்லை. பாறுகள் மறைந்த பிறகு சடலங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் நீர் மாசும் கூடின. 2000 முதல் 2005 வரை பாறுகள் இல்லாமல் போனதால் இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது. மருந்தைத் தடை செய்வதால் மருந்துத் தொழிலுக்கு நேரும் இழப்பைக் கணக்கிடும் கோப்புகளில், தடை செய்யாததால் நேர்ந்த இந்த இழப்பும் எழுதப்பட வேண்டும்.

எனவே உங்கள் இருவரிடமும் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன்.

தலைமை அலுவலர் அவர்களே, செயல்திட்டம் சொன்ன அந்தத் தானியங்கு விலக்கு ஏற்பாட்டை விதியாகவே கொண்டுவாருங்கள். பாறுகளுக்கு ஒரு மருந்து நஞ்சு என்று அரசு ஆராய்ச்சி நிறுவனமோ, துறைசார் மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்விதழோ நிறுவிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கால்நடைப் பயன்பாட்டுக்கான அதன் உற்பத்தியும் விற்பனையும் நிற்க வேண்டும். கால்நடைகளுக்கான எந்தப் புதிய வலிநிவாரணிக்கும், பாறுகளின் மீதான பாதுகாப்புச் சோதனை முடியாமல் உரிமம் தரக் கூடாது. அந்தச் சோதனையின் செலவை விண்ணப்பிக்கும் நிறுவனம் ஏற்க வேண்டும். ஃப்ளூனிக்சினைப் பொறுத்தவரை, சோதனை முடியும்வரை கால்நடைகளுக்கான விற்பனையை இடைக்காலமாக நிறுத்திவைக்கவும், எந்த நாளுக்குள் முடிவெடுப்பீர்கள் என்பதைப் பொதுவில் அறிவிக்கவும் வேண்டுகிறேன்.

இயக்குநர் அவர்களே, மோயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் வரும் நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டப் பகுதிகளின் மனித மருந்துக் கடைகளிலும் கால்நடை மருந்துக் கடைகளிலும், ஆண்டுக்கு இரண்டு முறையேனும் வாடிக்கையாளர்போல் ஆளனுப்பிச் சோதனை நடத்துங்கள். எத்தனை கடைகள் சோதிக்கப்பட்டன, எத்தனையில் மீறல் கண்டீர்கள், எத்தனை உரிமங்கள் இடைநீக்கம் செய்யப்பட்டன, எத்தனை வழக்குகள் நீதிமன்றம் சென்றன என்பதைக் கடையின் பெயர் இல்லாமலாவது வெளியிடுங்கள். அந்தப் பகுதிகளுக்குள் டைக்ளோஃபினாக் ஊசி மருந்தை மொத்தமாக வாங்கும் கடைகளின் கொள்முதல் பதிவை மாதந்தோறும் ஒப்பிட்டாலே, ஊருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு எந்தக் கடைக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் உங்கள் ஆய்வாளர்களுக்கு இப்போதே இருக்கிறது.

இரு துறைகளும் கால்நடைப் பராமரிப்புத் துறையோடும் வனத் துறையோடும் சேர்ந்து, இறந்த மாடுகளின் ஈரல் மாதிரிகளை ஆண்டுதோறும் எடுத்துச் சோதிக்கும் திட்டமொன்றை இப்பகுதியில் தொடங்க வேண்டும். இறந்த பாறு ஒவ்வொன்றின் ஆய்வக முடிவும் 60 நாட்களுக்குள் அந்த வட்டத்தின் கால்நடை மருத்துவர்கள் அனைவருக்கும், அரசுப் பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுப்பப்பட வேண்டும். மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் இந்த மாவட்டங்களின் அரசுக் கால்நடை மருந்தகங்களில் ஆண்டு முழுவதும் விலையின்றிக் கிடைக்க வேண்டும். மலையோர ஊர்களுக்கு நடமாடும் மருத்துவ வண்டி முறை வைத்து வர வேண்டும்.

நான் எழுத்து மூலம் தெரிவித்து விடை பெறாத அந்தக் கடையின் விவரமும் குப்பிகளின் தொகுதி எண்ணும் என்னிடம் இருக்கின்றன. எந்த ஆய்வாளரை நீங்கள் அனுப்பினாலும் அவற்றைக் கொடுக்கவும், அந்தப் பட்டிக்காரரின் இசைவோடு மாடு புதைத்த இடத்தைக் காட்டவும், கேட்டால் வாக்குமூலம் தரவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மோயாற்றுப் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒருவர்